சுஜாதா (எழுத்தாளர்)

சுஜாதா (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) தமிழ்நாட்டைச் சேர்ந்த எழுத்தாளரும் மின்னணுவியல் பொறியாளரும் ஆவார். இவரது இயற்பெயர் எஸ். ரங்கராஜன். சிறுகதை, புதினம், நாடகம், அறிவியல் கட்டுரை, திரைக்கதை வசனம் எனப் பல துறைகளில் எழுதியவர். தமிழில் அறிவியல் புனைகதையைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டுசேர்த்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். பெங்களூரில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார்.

இவருடைய எழுத்தில் இயந்திரம் பற்றிய இரண்டு பார்வைகள் அருகருகே காணப்படுகின்றன. கட்டுரைகளிலும் கேள்வி பதில்களிலும் அறிவியல் மனித வாழ்வை மேம்படுத்தும் என்ற நம்பிக்கை மேலோங்கி நிற்கிறது. புதினங்களிலோ கணிப்பொறியின் துணையுடன் மக்களை அடக்கி ஆளும் அரசுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இவ்விரண்டையும் ஒருவரே எழுதியது முரண்பாடாகத் தோன்றலாம். ஆயினும் புதினங்களைக் கூர்ந்து நோக்கினால், அவர் அஞ்சியது இயந்திரத்தை அன்று, இயந்திரத்தின் பின்னால் மறைந்து நிற்கும் மனிதர்களை என்பது தெளிவாகும்.

வாழ்க்கைக் குறிப்பு

இளமையும் கல்வியும்

சுஜாதா சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். தந்தையின் பணியிட மாற்றங்கள் காரணமாகத் திருவரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். கோயிலும் அதனைச் சுற்றிய வீதிகளும் அங்கு வாழ்ந்த மனிதர்களும் பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்து தேவதைகள் உள்ளிட்ட கதைகளுக்குக் களமாயின. திருவரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பள்ளிப் படிப்பை முடித்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னை குரோம்பேட்டையில் உள்ள சென்னை தொழில்நுட்பக் கழகத்தில் மின்னணுவியல் பயின்றார். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாமும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்விரு நிறுவனங்களிலும் பயின்றவர்.

அரசுப் பணி

படிப்பை முடித்தபின் நடுவண் அரசின் வான் போக்குவரத்துத் துறையில் பணியில் சேர்ந்தார். சென்னையிலும் தில்லியிலும் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கு மாறினார். பாதுகாப்புத் துறைக்கான ரேடார் முதலிய மின்னணுக் கருவிகளை உருவாக்கும் இப்பொதுத்துறை நிறுவனத்தில் ஆராய்ச்சி, வளர்ச்சிப் பிரிவில் உயர் பொறுப்புகளை வகித்து, பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் சென்னையில் குடியேறி முழுநேரமும் எழுத்திலும் திரைப்படத்திலும் ஈடுபட்டார்.

கணிப்பொறி என்பது தமிழ்நாட்டின் பெரும்பாலான வாசகர்களுக்குச் செய்தித்தாளில் மட்டுமே கண்ட பெயராக இருந்த காலத்தில், அதனை நாள்தோறும் கையாளும் வாய்ப்பு இவருக்கு இருந்தது. இவரது புதினங்களில் வரும் இயந்திரங்கள் மாயப் பெட்டிகளாக இல்லாமல், பழுதுபடக் கூடியனவாகவும் மனிதர் எழுதிய கட்டளைகளின்படி இயங்குவனவாகவும் இருப்பதற்கு இப்பணி அனுபவமே காரணம் எனலாம்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்

வாக்குச்சீட்டுகளுக்கு மாற்றாக மின்னணு இயந்திரத்தைப் பயன்படுத்தும் திட்டம் 1970களின் இறுதியில் இந்தியத் தேர்தல் ஆணையத்தால் முன்னெடுக்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்திய மின்னணுக் கழகமும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதனை உருவாக்கும் பொறுப்பை ஏற்றன. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இப்பணியில் ஈடுபட்ட குழுவுக்கு வழிகாட்டியவர்களுள் ரங்கராஜன் முக்கியமானவர். இப்பணிக்காக அவருக்கு வாஸ்விக் விருது வழங்கப்பட்டது.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. வாக்காளர் பொத்தானை அழுத்தும் வாக்களிப்புப் பகுதியும், தேர்தல் அலுவலரிடம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியும் ஒரு கம்பி வடத்தால் இணைக்கப்பட்டிருக்கும். மின்வசதி இல்லாத சிற்றூரிலும் இயங்க வேண்டும் என்பதற்காக மின்கலத்தால் இயங்குமாறு அமைக்கப்பட்டது. வெளியிலுள்ள எந்த வலையமைப்புடனும் இது இணைக்கப்படுவதில்லை. ஒரு நிமிடத்தில் 5 வாக்குகளுக்கு மேல் பதிவு செய்ய இயலாதவாறு தொடக்கத்தில் அமைக்கப்பட்டிருந்தது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவோர் குறுகிய நேரத்தில் கள்ள வாக்குகளைக் குவிப்பதைத் தடுக்கவே இவ்வரம்பு வைக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வேட்பாளரின் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தலாம்.

1982ஆம் ஆண்டு கேரள மாநிலம் பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. முடிவை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், இயந்திரத்தால் வாக்குப்பதிவு நடத்த அப்போதைய சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் வாக்குச்சீட்டு முறையில் மறு வாக்குப்பதிவு நடந்தது. 1988இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, இத்திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தது. 1998இல் சில சட்டமன்றத் தொகுதிகளிலும், 2001இல் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்காளம் ஆகியவற்றின் அனைத்துத் தொகுதிகளிலும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதிலும் இயந்திரங்கள் பயன்படுத்தப்பட்டன.

இயந்திரத்தின் மீதான ஐயங்கள் தொடக்கம் முதலே எழுந்துள்ளன. சுஜாதா தம் கட்டுரைகளில் இயந்திரம் இயங்கும் முறையை விளக்கி, அதன் நம்பகத்தன்மையை ஆதரித்து எழுதினார். அவர் மறைவுக்குப் பின், வாக்காளர் தம் வாக்கைத் தாளில் சரிபார்க்க உதவும் கருவி 2013 முதல் படிப்படியாக இணைக்கப்பட்டு, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் இடம்பெற்றது. குடிமக்கள் இயந்திரத்தை எந்த அளவுக்கு நம்பலாம், அதனை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி சுஜாதாவின் புதினங்களின் மையக் கேள்வியாகவும் அமைந்தது குறிப்பிடத்தக்கது.

எழுத்துலகில்

இவரது முதல் சிறுகதை 1953இல் சிவாஜி என்னும் இதழில் வெளியானது. 1962இல் குமுதம் இதழில் இடது ஓரத்தில் என்ற கதை வெளிவந்தது. அக்காலத்தில் குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் என்ற எழுத்தாளர் புகழ்பெற்றிருந்தமையால், பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தம் மனைவியின் பெயரான சுஜாதா என்பதைப் புனைபெயராகக் கொண்டார். 1968இல் குமுதத்தில் தொடராக வந்த நைலான் கயிறு இவரைப் பரவலாக அறியச்செய்தது. வழக்கறிஞர் கணேஷ் இப்புதினத்தில் அறிமுகமானார். பின்னர் அவருக்கு உதவியாளராக வசந்த் சேர்ந்தார். கணேஷ், வசந்த் இணை இடம்பெற்ற துப்பறியும் கதைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன.

சுஜாதாவின் உரைநடை குறுகிய வாக்கியங்களையும் பேச்சுவழக்கையும் நகைச்சுவையையும் கொண்டது. பொறியியல் சொற்களைத் தமிழ் எழுத்தில் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். அதேவேளை சில்லு, கணிப்பொறி போன்ற தமிழ்ச் சொற்களும் இவரது எழுத்தின் வழியாகப் பரவலாயின. பழந்தமிழ் இலக்கியத்திலும் ஆழ்வார் பாசுரங்களிலும் ஈடுபாடு கொண்டவர். புறநானூற்றுக்கு எளிய அறிமுகமும் திருக்குறளுக்குப் புதிய உரையும் எழுதியுள்ளார்.

அறிவியல் புனைகதைகள்

பின்னணி

உலக அறிவியல் புனைகதையில் நம்பிக்கை, அச்சம் என்ற இரு ஓடைகள் நெடுங்காலமாக உள்ளன. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் உசேன் எழுதி 1905இல் சென்னையிலிருந்து வெளியான ஓர் ஆங்கில மகளிர் இதழில் வந்த சுல்தானாவின் கனவு என்ற கதை, பெண்கள் அறிவியலின் துணையால் நல்லாட்சி நடத்தும் நாட்டைக் காட்டியது. 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய நாடகம் ரோபோ என்ற சொல்லை உலகுக்கு அளித்தது. அந்நாடகத்தில் உழைப்பதற்காகப் படைக்கப்பட்டவை மனிதருக்கு எதிராக எழுகின்றன. ஆல்டஸ் அக்ஸ்லி 1932லும் ஜார்ஜ் ஆர்வெல் 1949லும் வெளியிட்ட புதினங்கள், மக்களின் மனத்தையும் ஆளும் அரசுகளைச் சித்தரித்தன. ஐசக் அசிமோவ் 1940களில் எழுதிய கதைகளோ ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யாதவாறு விதிகள் வகுத்து, அச்சத்துக்கு மாற்றுக் கண்டன. 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஸ்டார் ட்ரெக், பல இனத்தவரும் ஒன்றுகூடிப் பயணிக்கும் நம்பிக்கை மிக்க எதிர்காலத்தைப் பொழுதுபோக்காக அளித்தது.

தமிழ் மக்கள் பொழுதுபோக்கில் விண்வெளி முன்னரே இடம்பெற்றிருந்தது. 1963இல் எம். ஜி. ஆர்., பானுமதி நடித்து வெளியான கலை அரசி திரைப்படத்தில் வேற்றுக் கிரகத்தவர் இசை கற்றுக்கொள்வதற்காகப் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கொண்டுசெல்கின்றனர். இத்தகைய படைப்புகளில் அறிவியல் ஒரு வியப்புப் பொருளாகவே இருந்தது. அறிவியல் வளர்ச்சியால் சமுதாயமும் அரசும் குடும்பமும் எவ்வாறு மாறும் என்ற கேள்வியை வாராந்தரத் தொடர்கதை வாசகரிடம் தொடர்ந்து எழுப்பியவர் சுஜாதா.

சொர்க்கத் தீவு

1970களில் எழுதப்பட்ட சொர்க்கத் தீவு, தமிழில் அச்சமூட்டும் எதிர்காலச் சமுதாயத்தை விரிவாகச் சித்தரித்த தொடக்கப் புதினங்களுள் ஒன்று. இந்தியாவைச் சேர்ந்த கணிப்பொறி வல்லுநர் ஒருவர் ஒரு தீவுக்குக் கடத்திச் செல்லப்படுகிறார். அத்தீவில் மக்களின் வாழ்வு முழுவதும் கணிப்பொறியின் திட்டப்படி நடைபெறுகிறது. பசியோ வறுமையோ இல்லை. காதல், கோபம், துயரம் முதலிய உணர்ச்சிகளும் இல்லாதவாறு மக்கள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளனர். கணிப்பொறியில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்வதற்காகவே அவர் கொண்டுவரப்பட்டுள்ளார்.

பழுதைச் சரிசெய்வது பொறியாளரின் கடமை. ஆனால் பழுதுதான் அம்மக்களுக்குக் கிடைத்துள்ள ஒரே வாய்ப்பு. இந்த இக்கட்டே புதினத்தின் நடுநாயகம். கருவியை நன்கு அறிந்தவர் அதனை யாருக்காக இயக்குகிறார் என்பதற்கும் பொறுப்பாகிறார் என்ற கருத்து, ஒரு பொறியாளரே எழுதிய கதையில் தனி அழுத்தம் பெறுகிறது. தலைப்பில் உள்ள சொர்க்கம் என்ற சொல்லும் எள்ளலாக மட்டும் வரவில்லை. துன்பமற்ற வாழ்வுக்காக எதனை விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்வியை வாசகர் முன் வைக்கிறது.

என் இனிய இயந்திரா, மீண்டும் ஜீனோ

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளியான என் இனிய இயந்திரா, சுஜாதாவின் அறிவியல் புனைகதைகளுள் மிகவும் புகழ்பெற்றது. கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. ஜீவா என்ற தலைவரின் ஆட்சியில் நாடு ஒழுங்காக இயங்குகிறது. குடிமக்களுக்கு அடையாள எண்கள் உண்டு. நிலா, சிபி, ரவி, மனோ என எல்லோருடைய பெயரும் இரண்டெழுத்துக்குள் அடங்குகிறது. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். முதியோர் எத்தனை காலம் வாழலாம் என்பதும் அரசின் முடிவே. குழந்தைக்கு அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலா, தன் கணவன் சிபி காணாமற்போனதை அறிகிறாள். அரசு அலுவலகங்களை நாடும்போது, அத்தகைய ஒருவர் குறித்த பதிவே இல்லாதது போன்ற நிலையை எதிர்கொள்கிறாள்.

அவள் வீட்டுக்குக் குடிவரும் ரவியிடம் ஜீனோ என்ற இயந்திர நாய் உள்ளது. ஜீனோ பேசும், நூல்களைப் படிக்கும், படித்ததை வைத்துச் சிந்திக்கும், கிண்டலும் செய்யும். விளையாட்டுப் பொருளாக அறிமுகமாகும் இது, கதை வளர வளர நிலாவின் உற்ற துணையாகிறது. மனிதர்கள் பலர் தத்தம் நோக்கத்துக்காக நிலாவைப் பயன்படுத்தும்போது, அவளுக்கு உண்மையாக இருப்பது ஓர் இயந்திரம்.

கதையின் முக்கியத் திருப்பம் ஜீவாவைப் பற்றியது. நாடே அஞ்சி வணங்கிய தலைவர் உயிருள்ள மனிதர் அல்லர், ஒளியால் உண்டாக்கப்பட்ட முப்பரிமாண உருவம் என்பது வெளிப்படுகிறது. பொய்யுருவம் கலைந்ததும் விடுதலை வந்துவிடுவதில்லை. அதனை அம்பலப்படுத்தியவர்களே ஆட்சியைக் கைப்பற்றி, நிலாவை அரசியாக முன்னிறுத்துகின்றனர். ஒரு பொய்யுருவத்தின் இடத்தில் இன்னொரு பொம்மை அமர்கிறது. தொடர்ச்சியாக எழுதப்பட்ட மீண்டும் ஜீனோவில், பெயரளவில் அரசியான நிலாவும் அவளுக்கு உதவும் ஜீனோவும் இச்சூழ்ச்சியை எதிர்கொள்கின்றனர்.

இவ்விரு புதினங்களிலும் அச்சமும் நம்பிக்கையும் ஒரே தொழில்நுட்பத்திலிருந்து பிறக்கின்றன. ஜீவாவும் ஜீனோவும் மனிதர் உருவாக்கியவை. ஜீவா என்னும் உருவம் எதனையும் கற்பதில்லை, கேள்விக்கும் உட்படுவதில்லை. தன்னை இயக்குவோரை மறைக்கவே அது பயன்படுகிறது. ஜீனோவோ எல்லோருக்கும் கிடைக்கும் நூல்களைப் படித்து வளர்கிறது, தன் தவறுகளைத் திருத்திக்கொள்கிறது, அதிகாரமற்ற பெண்ணின் பக்கம் நிற்கிறது. தொடரை வாரந்தோறும் படித்த இளம் வாசகர்கள் ஜீனோவின் மீது கொண்ட பற்று, அச்சமூட்டும் எதிர்காலக் கதை ஒன்றைத் தமிழ் வாசகர்கள் அன்புடன் நினைவுகூரும் கதையாக மாற்றியது. என் இனிய இயந்திரா தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது.

பிற புதினங்களும் சிறுகதைகளும்

1980களின் தொடக்கத்தில் வெளிவந்த கொலையுதிர் காலம் என்ற கணேஷ், வசந்த் புதினத்தில் பேய் நடமாட்டம் போன்ற நிகழ்வுகளுக்கு அறிவியல் விளக்கம் தேடப்படுகிறது. முப்பரிமாண ஒளியுருவம் இங்கும் மக்களை ஏமாற்றும் கருவியாக வருகிறது. எனினும் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டதா என்ற ஐயத்தை முடிவு வரை விட்டுவைத்திருப்பது இப்புதினத்தின் சிறப்பு. பேசும் பொம்மைகள் என்ற புதினம் மனித மனத்தை இயந்திரத்துக்கு மாற்ற முயலும் ஆய்வைக் களமாகக் கொண்டது.

ஜில்லு என்ற சிறுகதையில் அணுக்கதிர் அபாயத்தால் நகரத்தை விட்டு மக்கள் வெளியேற வேண்டியிருக்கிறது. பேரழிவின் பரப்பை விவரிக்காமல், தன் நாயைப் பிரிய மனமில்லாத ஒரு சிறுவனின் வழியாக அது சொல்லப்படுகிறது. திமலா என்ற சிறுகதை திருமலைக் கோயில் வழிபாட்டை எதிர்காலத்தில் வைத்துக் காட்டுகிறது. சுற்றிலும் எல்லாம் இயந்திரமயமான பின்னரும் மனிதரின் வேண்டுதல் மாறாதிருப்பதை மெல்லிய நகைச்சுவையுடன் சொல்லும் கதை இது.

அறிவியல் புனைகதை அல்லாத நகரம் என்ற சிறுகதையும் இத்தொடர்பில் கருதத்தக்கது. சிற்றூரிலிருந்து மூளைக்காய்ச்சல் கண்ட மகளை மதுரையின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவரும் ஏழைத் தாய், சீட்டுக்கும் கையெழுத்துக்கும் அறை அறையாக அலைந்து, இறுதியில் சிகிச்சை பெறாமலே ஊர் திரும்புகிறாள். அங்கே கொடுங்கோலர் யாரும் இல்லை. நோயை அறிந்த பெரிய மருத்துவரும் இருக்கிறார். சிகிச்சை முறையும் இருக்கிறது. அவை அத்தாயிடம் சென்று சேரவில்லை. எதிர்காலத் தீவுகளில் சுஜாதா கற்பனை செய்த இருட்டு, நிகழ்காலத்தின் சாதாரண நடைமுறைகளிலும் இருப்பதை இக்கதை உணர்த்துகிறது. தமிழின் சிறந்த சிறுகதைகளுள் ஒன்றாக இது பல தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது.

அறிவியல் கட்டுரைகள்

ஜூனியர் விகடனில் வெளிவந்த ஏன்? எதற்கு? எப்படி? என்ற கேள்வி பதில் பகுதி, சுஜாதாவின் நம்பிக்கை முகத்தைக் காட்டுவது. சிற்றூர்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய அறிவியல் ஐயங்களுக்கு எளிய தமிழில் விடையளித்தார். இப்பகுதி நூல் வடிவில் பல பதிப்புகள் கண்டது. மனித மூளையைப் பற்றித் தலைமைச் செயலகம், நுண்மின்னணுவியலைப் பற்றிச் சிலிக்கன் சில்லுப் புரட்சி, மரபணுவியலைப் பற்றி ஜீனோம், அறிவியலும் இறைநம்பிக்கையும் சந்திக்கும் இடங்களைப் பற்றிக் கடவுள் இருக்கிறாரா ஆகிய நூல்களை எழுதினார். கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் எஸ். ஆர். என்ற பெயரில் நெடுங்காலம் எழுதிவந்தார். ஆனந்த விகடனில் கற்றதும் பெற்றதும் என்ற தொடரும் புகழ்பெற்றது. அறிவியலை மக்களிடம் பரப்பியமைக்காக நடுவண் அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழுமத்தின் விருது 1993இல் இவருக்கு வழங்கப்பட்டது.

கட்டுரைகளுக்கும் புதினங்களுக்கும் இடையிலான மனநிலை வேறுபாட்டுக்கு வெளியீட்டு வடிவமும் ஒரு காரணம். வாரத் தொடர்கதை ஒவ்வொரு வாரமும் ஓர் ஆபத்தில் முடிய வேண்டும். எல்லோரும் நலமாக வாழும் எதிர்காலத்தில் அடுத்த வாரத்துக்கான எதிர்பார்ப்பை உண்டாக்குவது கடினம். கேள்வி பதிலோ விடை உண்டு என்ற நம்பிக்கையில் தொடங்குவது. எனவே தொடர்கதை அச்சத்தின் பக்கமும் கேள்வி பதில் நம்பிக்கையின் பக்கமும் சாய்ந்தன. எனினும் இரண்டையும் இணைக்கும் ஒரு கருத்து உண்டு. இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை அறிந்த மக்களை அதனைக் கொண்டு ஏமாற்றுவது எளிதன்று. கதையில் நிலாவுக்கு ஜீனோ செய்த உதவியை, கேள்வி பதில் பகுதி வாசகர்களுக்குச் செய்ய முயன்றது.

திரைப்படத்துறை

சுஜாதாவின் கதைகளைக் கொண்டு காயத்ரி (1977), ப்ரியா (1978), கரையெல்லாம் செண்பகப்பூ (1981) முதலிய திரைப்படங்கள் வெளிவந்தன. 1986இல் கமல்ஹாசன் நடித்த விக்ரம், களவாடப்பட்ட ஏவுகணையையும் அதனைச் செயலிழக்கச் செய்யும் கணிப்பொறி வல்லுநரையும் மையமாகக் கொண்டது. இதன் கதை குமுதத்திலும் தொடராக வெளியானது. கணிப்பொறி கதைப்போக்கில் முக்கிய இடம்பெற்ற தொடக்கத் தமிழ்த் திரைப்படங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் மணிரத்னம் இயக்கிய ரோஜா (1992), கன்னத்தில் முத்தமிட்டால் (2002), ஷங்கர் இயக்கிய இந்தியன் (1996), முதல்வன் (1999), அந்நியன் (2005), சிவாஜி (2007) உள்ளிட்ட பல படங்களுக்கு உரையாடல் எழுதினார். சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருது பெற்ற பாரதி (2000) படத்தின் தயாரிப்பிலும் பங்கேற்றார்.

மனிதனைப் போன்ற ரோபோவைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் கமல்ஹாசனைக் கொண்டு எடுக்க ஷங்கர் முதலில் திட்டமிட்டார். அம்முயற்சி கைவிடப்பட்டது. பிற்பாடு ரஜினிகாந்த் நடிப்பில் அது எந்திரன் என்ற பெயரில் உருவானது. சுஜாதா அதன் பணியில் ஈடுபட்டிருந்தபோதே மறைந்தார். மதன் கார்க்கியும் உரையாடலில் பங்காற்ற, படம் 2010 அக்டோபரில் வெளியானது.

எந்திரனில் வரும் சிட்டி என்னும் ரோபோ மனிதருக்கு உதவுவதற்காக உருவாக்கப்படுகிறது. உணர்ச்சிகளைப் பெற்ற பின் காதல் கொள்கிறது, புறக்கணிக்கப்படுகிறது. பின்னர் பேராசை கொண்ட ஒருவரின் கையில் அழிவுக்கான சில்லு பொருத்தப்பட்டு நகரையே கலங்கடிக்கிறது. இறுதியில் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றுத் தன்னைத் தானே பிரித்துக்கொள்கிறது. ஜீனோவும் ஜீவாவும் ஒரே உடலில் குடியேறியது போன்ற பாத்திரம் இது. இயந்திரத்தின் குணம் அதனுள் எழுதப்படும் கட்டளையைப் பொறுத்தது, கட்டளையை எழுதுவோர் மனிதர் என்ற எண்ணம், இதழ் வாசகர் வட்டத்தைத் தாண்டித் திரையரங்குகளைச் சென்றடைந்தது.

விமர்சனங்கள்

சுஜாதாவின் அறிவியல் புனைகதைகள் மேலைநாட்டுப் படைப்புகளின் சாயல் கொண்டவை என்ற விமர்சனம் உண்டு. எண்ணிடப்பட்ட குடிமக்கள், உணர்ச்சியற்ற சமுதாயம் முதலியன அங்கு முன்னரே எழுதப்பட்டவை என்று சுட்டப்படுகிறது. வார இதழ்களின் வேகத்துக்கு எழுதியதால் பல புதினங்களின் முடிவுகள் அவசரமாக அமைந்தன என்றும், பெண் பாத்திரங்களை வருணிப்பதில் வணிக இதழ்களின் போக்குக்கு இடங்கொடுத்தார் என்றும் விமர்சகர்கள் கூறியுள்ளனர். இவரது சிறந்த ஆக்கங்கள் புதினங்களில் அன்றிச் சிறுகதைகளிலேயே உள்ளன என்ற கருத்தும் நிலவுகிறது.

இவ்விமர்சனங்களை ஏற்போரும், அறிவியலைப் பேசுவதற்கேற்ற தமிழ் நடையை வளர்த்ததில் இவரது பங்கை மறுப்பதில்லை. கணிப்பொறித் துறையில் நுழைந்த தமிழ் இளைஞர்கள் பலருக்கு, அத்துறை பற்றிய முதல் அறிமுகம் சுஜாதாவின் எழுத்தின் வழியாகவே கிடைத்தது.

மறைவும் பின்னரும்

உடல்நலக் குறைவால் சென்னையில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்த சுஜாதா, 2008 பெப்ரவரி 27 அன்று தமது 72ஆம் வயதில் காலமானார்.

என் இனிய இயந்திராவில் எதிர்காலமாகச் சொல்லப்பட்ட ஆண்டுகள் இன்று கடந்துவிட்டன. குழந்தைக்கு அரசு அனுமதி வழங்கும் நாடாக இந்தியா ஆகவில்லை. எல்லாப் பெயர்களும் இரண்டெழுத்துக்குள் சுருங்கிவிடவும் இல்லை. ஆனால் குடிமக்களுக்கு அடையாள எண் வந்துவிட்டது. 2009இல் தொடங்கப்பட்ட இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 12 இலக்க ஆதார் எண்ணை வழங்கிவருகிறது. 2018இல் உச்சநீதிமன்றம் அத்திட்டத்தைப் பெரும்பாலும் ஏற்று, அதன் பயன்பாட்டுக்குச் சில வரம்புகளை விதித்தது. இறந்த தலைவர்களின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு மேடைகளில் தோன்றுகின்றன. நூல்களைப் படித்துக் கற்று உரையாடும் இயந்திரங்களும் வந்துள்ளன. ஆகவே ஜீவாவுக்கும் ஜீனோவுக்கும் உரிய தொழில்நுட்பங்கள் ஒரே காலத்தில் கைக்கு எட்டியுள்ளன. இவற்றை யார் இயக்குகிறார்கள் என்பதை மக்கள் அறிய முடிகிறதா என்ற சுஜாதாவின் கேள்வி, கதை எழுதப்பட்ட காலத்தைவிட இப்போது நெருக்கமானதாகியுள்ளது.

முக்கிய படைப்புகள்

அறிவியல் புனைகதைகள்
- சொர்க்கத் தீவு
- என் இனிய இயந்திரா
- மீண்டும் ஜீனோ
- பேசும் பொம்மைகள்
- விஞ்ஞானச் சிறுகதைகள் (தொகுப்பு)

பிற புதினங்களும் கதைகளும்
- நைலான் கயிறு
- கரையெல்லாம் செண்பகப்பூ
- கொலையுதிர் காலம்
- ரத்தம் ஒரே நிறம்
- ஸ்ரீரங்கத்து தேவதைகள்

கட்டுரைகள்
- ஏன்? எதற்கு? எப்படி?
- தலைமைச் செயலகம்
- சிலிக்கன் சில்லுப் புரட்சி
- ஜீனோம்
- கடவுள் இருக்கிறாரா
- கணையாழியின் கடைசிப் பக்கங்கள்
- கற்றதும் பெற்றதும்